கிண்ணத்தின் அடியில் மீசை

விடுதி, நாவலப்பிட்டி
2025 மே 4, ஞாயிறு

அன்பும் அதட்டலும் சரிபாதியாகக் கலந்த ஷிபானா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீங்களும் உங்கட முள்ளுத் தகடுகளும் சுகமா?

முதலில் றிஸானா மிஸ்ஸுக்கு ஒரு சலாம். இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் வாசிக்கப் போவது அவதான். எங்கட வாடன். இங்கிருந்து போகும் கடிதம் எல்லாம் அவட மூக்குக்கண்ணாடிக்குள்ளால் நுழைந்துதான் தபாலுக்குப் போகும். மிஸ், நேற்றுப் பருப்புக் கறி நல்லா இருந்திச்சு. அதில் பருப்பும் இருந்திருந்தால் இன்னும் நல்லா இருந்திருக்கும்.

ஃபோனைப் பறித்து ஒஃபீஸ் அலுமாரியில் பூட்டிவிட்டார்கள். ஓ.எல். சோதனை முடிந்துதான் தருவார்களாம். அதனால்தான் இந்தக் காலத்தில் முத்திரை நக்கிக் கொண்டிருக்கிறேன். முத்திரை நம்மட மாமி வைக்கும் ரசத்தைவிட ருசி.

உம்மாவிடம் போன தடவை, "ராத்தா நானோவில வேலை செய்றா" என்று விளக்கமாகச் சொன்னேன். "எந்த நானா? நம்மட அஷ்பாக் நானாவா? அவருக்கே வேலை இல்லையே" என்று கேட்டா. நானோ அவவுக்கு அண்ணன் நானாவாகக் கேட்டிருக்கு. விட்டுவிட்டேன்.

ராத்தா, ஏப்ரல் பதினேழாம் திகதி ஞாபகம் இருக்கா? வாப்பா என்னை உங்கட ஆய்வுகூடத்தில் இறக்கிவிட்டு, கடைக்குச் சாமான் எடுக்கக் கண்டிக்குப் போனாரே, அந்த நாள். நீங்க நோன்புப் பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பில் நாலாவதோடு கண் சொக்கிச் சொக்கி வேலை செய்தீங்க. நான் வெளியே படியில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டேன், உங்களுக்கு மணக்கிற மாதிரி. அன்றைக்கு மொத்தம் ஏழு பகிடி விட்டேன். வேனில் வீட்டுக்குப் போகும்போது விரல் விட்டு எண்ணினேன், ஏழு வந்தது. இப்போது எண்ணினால் எனக்கே ஆறுதான் வருது. நீங்க எத்தனை பிடிச்சீங்க? பிடிபடாதது இருந்தால் அதுதான் என் வெற்றி.

பதில் போடுங்க. போடாவிட்டால் உங்கட பேரில் வாடன் மிஸ்ஸுக்குக் கல்யாணப் பொருத்தம் கேட்டு எழுதுவேன்.

இப்படிக்கு,
பேராதனையின் பேராபத்து,
அம்னா


போடிங் அறை, பேராதனை
2025 மே 9, வெள்ளி

வால் முளைத்த என் தங்கச்சி அம்னாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தைப் பஸ்ஸில் வாசித்துச் சிரித்து, பக்கத்தில் இருந்த மனிசி எழும்பி வேறு சீற்றுக்குப் போய்விட்டா.

பிடிபட்டவை: கதிரையின் உயரத்தைக் குறைத்தது. வெள்ளைக் கோட்டின் கையை நூலால் தைத்தது. செருப்பு இரண்டையும் சேர்த்துக் கட்டியது. சுவர் மணிக்கூட்டைப் பத்து நிமிசம் முன்னால் தள்ளியது. என் பேராசிரியர் தனபாலன் சேரோடு பேசும்போது என் ஃபோன் ஆடு மாதிரிக் கத்தியது. கடைசியாகச் சீனி டின்னில் உப்பு. நோன்பு துறக்கிற தேத்தண்ணியில் உப்பு, அம்னா. அதுக்கு நீ மறுமையில் பதில் சொல்லு. ஆறு ஆச்சு. ஏழாவது எனக்கும் கிடைக்கவில்லை.

இப்போது என் செய்தி. கையிலிருக்கும் டோஃபியை வைத்துவிட்டு வாசி.

உனக்குத் தெரியும், சில்வண்டின் இறக்கையில் கண்ணுக்குத் தெரியாத முள் காடு ஒன்று இருக்கிறது. ஒரு தலைமயிரின் அகலத்தில் நூற்றுக்கணக்கில் நிறுத்தலாம். பக்டீரியா அதில் போய் உட்கார்ந்தால் தோல் இழுபட்டுக் கிழிந்துவிடும். மருந்தே தேவையில்லை. அந்த மாதிரி முள்ளை நான் டைட்டேனியத் தகட்டில் வளர்க்கிறேன், உடைந்த காலுக்குள் வைக்கிற கம்பிக்காக. இரண்டு வகை: குட்டை முள், நெட்டை முள். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே சாம்பல். பக்டீரியாவை இரண்டுமே கிழிக்கும் என்பது முன்பே தெரியும். தெரியாதது, நம்முடைய என்புக் கலம், அதாவது எலும்பைக் கட்டுகிற உயிரணு, எதைத் தாங்கும் என்பது.

கலம் புது இடத்தில் விழுந்தால் முதலில் விரல் மாதிரி நீட்டித் தடவிப் பார்க்கும். பிடித்துப்போனால் பாய் விரித்த மாதிரிப் பரந்து படுக்கும். பயந்தால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்து உருண்டையாகிவிடும். குட்டையில் படுக்கும், நெட்டையில் உருளும் என்றுதான் சேர் முதல் நான் வரை எல்லோரும் நினைத்தோம்.

நடந்தது தலைகீழ். நெட்டைத் தகடு போட்ட கிண்ணம் ஆறிலும் கலம் பாயாகப் பரந்து கிடக்கிறது. குட்டை ஆறிலும் உருண்டை உருண்டையாக, பாதி செத்துப்போய். நீ வந்த அன்றைக்கு வைத்த அதே கிண்ணங்கள்தான். நீ ராசிக்காரி.

சேர் நாலு நாளாகப் படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். யப்பானில் ஒரு ஆய்வுகூடத்துக்கு அவரே எழுதினார். அவர்கள் என்னைக் கேட்கிறார்கள், அம்னா. மூன்று வருசத்துக்கு. வாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

ஐஸில் வைத்து அனுப்பிய கலம் ஒரே ஒரு குப்பிதான் இருந்தது, அடுத்தது ஓகஸ்டில்தான் வரும். அதுவரை காத்திருக்காமல் நாலு முயல்களில் பார்த்துவிடலாம் என்று முடிவு. இருபத்திரண்டாம் திகதி வியாழக்கிழமை நெட்டை முள் கம்பிகளை அதுகளின் கால் எலும்பில் வைக்கிறோம். மிருக வைத்தியர் நாள் தந்துவிட்டார். பெயர் வைக்கிற வேலை உனக்கு.

நன்றாகப் படி. மிஸ்ஸுக்கு என் சலாம்.

உன் ராத்தா,
ஷிபானா


விடுதி, நாவலப்பிட்டி
2025 மே 13, செவ்வாய்

யப்பான் போகும் ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் நேற்றுப் பகல் சாப்பாட்டு நேரம் கிடைத்தது. "தலைகீழ்" என்ற சொல் வரைக்கும் சத்தமாக வாசித்துக்காட்டினேன். அதுக்குப் பிறகு மௌனமாக வாசித்தேன். பக்கத்துக் கட்டில் பிள்ளை, "என்ன, வீட்டில ஆரும் மௌத்தா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

முயல்களின் பெயர்: கச்சான், வட்டிலப்பம், சம்பல், இன்ஸ்பெக்டர். கச்சான் எது என்றால், முதலில் உங்கட கையில் ஏறுகிறதுதான் கச்சான். பெயர் வைத்திருக்கக் கூடாது ராத்தா. நாலு முயல் என்று இருந்தபோது கணக்கு மாதிரி இருந்தது. இப்போது கச்சான் என்றதும் காது தெரிகிறது.

சில சந்தேகம். சயன்ஸ் மிஸ் கேட்கச் சொன்னா. (சயன்ஸ் மிஸ் கேட்கவில்லை. நான்தான் கேட்கிறேன். றிஸானா மிஸ் வாசிப்பதால் பொய் சொல்லவும் வசதி இல்லை.)

ஒன்று: இரண்டு தகடும் ஒரே சாம்பல் என்றால், எது குட்டை எது நெட்டை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இரண்டு: கிண்ணத்துக்குப் பெயர் எழுதுவது மூடியிலா, வேறு எங்கேயாவதா?

மூன்று: நெட்டை நல்லது என்று நினைத்து வைத்து, உண்மையில் அது நல்லதில்லை என்றால் முயலின் காலுக்கு என்ன நடக்கும்?

சும்மாதான் கேட்கிறேன். பதில் சீக்கிரம் போடுங்க. இந்தக் கிழமைக்குள் என்றால் நல்லது.

ஏழாவது ஞாபகம் வந்திட்டு. நேரில் சொல்றேன்.

நான் நேற்றிலிருந்து உங்கட குட்டைக் கிண்ணத்துக் கலம் மாதிரித்தான் படுக்கிறேன். முழங்கால் நாடியில் முட்டுது.

இப்படிக்கு,
அம்னா
(பட்டப்பெயர் யோசித்தேன், வரவில்லை)


போடிங் அறை, பேராதனை
2025 மே 16, வெள்ளி

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஸலாம். பட்டப்பெயர் இல்லாமல் உன் கடிதம் வந்தது இதுதான் முதல் தடவை. காய்ச்சலா? பரீட்சைப் பயமா? உம்மாவிடம் சொல்லி மல்லிக் கசாயம் அனுப்பச் சொல்லட்டுமா?

கேள்விகள் நல்ல கேள்விகள். உன்னை விஞ்ஞானம் படிக்க வைக்க வேண்டும் என்று சேரிடம் சொன்னேன். "ஓம், அந்த ஆடு கத்தின பிள்ளை தானே, அனுப்பும்" என்றார்.

முதல் கேள்விக்கு: இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் முள் தெரியும். அதுக்கு வரிசை இருக்கிறது, மூன்று கிழமை எடுக்கும். அதனால் தகட்டைக் கிண்ணத்தில் போடும்போதே எழுதிவிடுவோம். இரண்டாவதுக்கு: சரியான முறை கிண்ணத்தின் அடியில் எழுதுவது. முதல் வருசப் பிள்ளைக்கும் அது தெரியும். நான் அன்றைக்கு மூடியில் எழுதினேன். நோன்பில் தலை சுற்றிக்கொண்டிருந்தது, பன்னிரண்டு கிண்ணத்தையும் தூக்கித் திருப்பி எழுத அலுப்பு. "கு", "நெ" என்று மூடியில் போட்டுவிட்டேன். மூடி எங்கே ஓடப்போகிறது? சேரிடம் சொல்லிவிடாதே.

மூன்றாவது கேள்வி என்னையும் படுக்கவிடாத கேள்விதான். கலம் பிடிக்காத கம்பி என்றால், எலும்புக்கும் அதுக்கும் நடுவில் இடைவெளி விழும். கம்பி ஆடும். ஆடுகிற ஒவ்வொரு தடவையும் நோகும். முயல் நோவைக் காட்டாது, அம்னா. கத்தாது. சாப்பிடாமல் ஒரு மூலையில் இருக்கும், அவ்வளவுதான். கடைசியில் காலை எடுக்கவேண்டி வரலாம், அல்லது ஊசி போட்டு முடிக்கவேண்டி வரலாம்.

ஆனால் அது நடக்காது. பன்னிரண்டு கிண்ணம் பொய் சொல்லாது.

கச்சான் கிடைத்துவிட்டான். வெள்ளை, ஒரு காது மட்டும் கறுப்பு. நான் கூட்டைத் திறந்ததும் நேராக வந்து கையில் ஏறினான். வியாழக்கிழமை முதல் ஆள் அவன்தான்.

ஏழாவதை இப்போதே எழுதேன். சிரிக்க ஏதாவது வேணும் போல இருக்கிறது.

உன் ராத்தா,
ஷிபானா


விடுதி, நாவலப்பிட்டி
2025 மே 21, புதன் இரவு

ராத்தா,

இதைப் பெட்டியில் போடப்போவதில்லை. றிஸானா மிஸ்ஸின் கையிலேயே கொடுக்கப்போகிறேன். மிஸ், முதலில் முழுக்க வாசியுங்க, பிறகு ஏசுங்க.

நேற்று ஒஃபீஸ் ஃபோனில் எடுத்தேன்தானே. இரண்டு நிமிசம் தந்தார்கள். "ராத்தா, மூடியை மாத்தினது நான்தான், நெட்டை வெல்லல்ல" என்று சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. "போடி, இதுதானா ஏழாவது? ஃபோன்லயே பகிடி விடுறாய்" என்றீங்க. நான் அழுதேன். "நடிப்பு நல்லா ஈக்கு" என்றீங்க. "வியாழன் முடியும் மட்டும் ஃபோனை ஓஃப் பண்ணப்போறன், முயல்ட பக்கத்தில அது சத்தம் போடக்கூடா" என்று வைச்சிட்டீங்க. அதுக்குப் பிறகு மிஸ்ஸைக் கெஞ்சி இரண்டு தடவை அடித்தேன். ஓஃப்.

நான் குற்றம் சொல்லவில்லை. நம்ம வீட்டுப் பூனை செத்துப்போச்சு என்று நான் மூன்று தடவை உங்களை அழவைத்திருக்கிறேன். நாலாவது தடவை அது உண்மையிலேயே செத்தபோது நீங்க நம்பவில்லை.

அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீங்க பகல் லுஹர் தொழப் போனீங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ளே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது, பன்னிரண்டு கிண்ணம் வரிசையாக இருந்தது. தகடு உள்ளே போட்டாச்சு, கலம் இன்னும் ஊற்றவில்லை. உங்களைப் பார்த்துப் பழகின மாதிரியே கையுறை போட்டு, மருந்து தடவி, கையை உள்ளே விட்டேன். "கு" எழுதின மூடி ஆறையும் எடுத்து நெட்டைக்கு வைத்தேன். "நெ" மூடி ஆறையும் குட்டைக்கு வைத்தேன். குட்டையன் ஒரு நாளைக்கு நெட்டையனாக இருந்து பார்க்கட்டுமே என்று நினைத்தேன். எனக்குச் சரியான சிரிப்பு.

பின்னேரம் சொல்லிவிடத்தான் இருந்தேன். உங்கட முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் வாப்பா அஸர் தொழுகைக்கு முன்னாலேயே வேனைக் கொண்டு வந்து ஹோர்ன் அடித்தார். நான் உப்பு டின்னை நினைத்துச் சிரித்துக்கொண்டே ஏறினேன். வேனில் ஏழாவதாக எண்ணின இதை, வீடு போய்ச் சேருமுன் மறந்தே போனேன். ராத்தா, இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மறைத்தேன் என்றாலாவது ஒரு மனிசி மாதிரி இருக்கும். நான் மறந்துபோனேன்.

உங்கட கடிதத்தில் "தலைகீழ்" என்று வாசித்த உடனே ஞாபகம் வந்தது. பன்னிரண்டாம் திகதி. அன்றைக்கே எழுதியிருக்கலாம். யப்பான் என்று எழுதியிருந்தீங்க. "அவர்கள் என்னைக் கேட்கிறார்கள்" என்று எழுதியிருந்தீங்க. அதனால் சும்மா கேட்கிற மாதிரிக் கேள்வி எழுதினேன். ஒன்பது நாள் வீணாக்கினேன்.

இதையும் நம்பமாட்டீங்க என்று தெரியும். அதனால் சாட்சி சொல்கிறேன். நேற்று ஃபோனில் இதைச் சொல்லத்தான் வாய் எடுத்தேன், வைச்சிட்டீங்க. மூடியை மாற்றின பிறகு, குட்டைக் கிண்ணம் ஆறையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, உங்கட கறுப்பு மார்க்கர் பேனையால் அடியில் ஒரு மீசை கீறினேன். அரிசிமணி அளவு. நெட்டை மூடி போட்டுப் பெரிய மனிசன் ஆகிட்டானே, மீசை வேணும்தானே என்று. நெட்டைக் கிண்ணத்துக்கு ஒன்றும் கீறவில்லை. வேலை முடிந்த கிண்ணங்களைத் தகட்டோடு குளிர்ப்பெட்டியில் வைத்திருப்போம் என்று அன்றைக்கு நீங்க வாப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. எடுத்துத் திருப்பிப் பாருங்க. மேலே "நெ" என்று இருக்கிற கிண்ணத்தின் அடியில் மீசை இருக்கும். மீசை இருந்தால் அது குட்டை.

மீசை இல்லை என்றால் நான் பொய்க்காரி, என்னை என்ன வேணுமென்றாலும் செய்யுங்க. இருந்தால் கச்சானுக்கு வைக்காதீங்க.

நாளைக்கு வியாழன். தபாலில் போனால் சனிதான் கிடைக்கும். அதனால்தான் மிஸ்ஸிடம் போகிறேன். என்ன செய்வா என்று தெரியாது. கதவுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே றேடியோவில் செய்தி போகிறது. செய்தி முடிந்ததும் தட்டுவேன்.

அம்னா


பேராதனை
2025 மே 25, ஞாயிறு

அம்னாவுக்கு,

ஸலாம்.

உன் வாடன் மிஸ் வியாழக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறா. கேற்றில் காவல்காரர் விடவில்லை. சிங்களத்திலும் தமிழிலும் அவரோடு சண்டை பிடித்து, முயல் கூடம் எது என்று தேடி, பத்து மணிக்குக் கதவைத் தட்டினா. சாரி முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஷிபானா யாரு? இந்தப் பிள்ளை பொய் சொல்லல்ல" என்றா. கடிதத்தைத் தந்தா. தண்ணீர் கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டா. நீ பருப்பைப் பற்றி எழுதினதுக்கு அவவிடம் மன்னிப்புக் கேள்.

நான் அங்கேயே நின்று வாசித்தேன். மேசையில் வட்டிலப்பம் மயக்கத்தில் கிடந்தது. கால் மயிர் சிரைத்தாகிவிட்டது. கச்சானுக்கு ஏற்கெனவே வைத்து, தைத்து, கூட்டுக்குள் விட்டாகிவிட்டது. ஒன்பதேகாலுக்கு முடிந்தது. முக்கால் மணித்தியாலம், அம்னா.

வைத்தியரை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடினேன். குளிர்ப்பெட்டியைத் திறந்து முதல் "நெ" கிண்ணத்தைத் திருப்பினேன். மீசை. இரண்டாவதைத் திருப்பினேன். மீசை. ஆறிலும் இருந்தது. ஒரு மீசை நன்றாக முறுக்கி இருந்தது. ஒரு மாதமாக அந்தக் கிண்ணங்களை எத்தனை தடவை கையில் எடுத்திருப்பேன், ஒரு தடவையாவது அடியைப் பார்க்கவில்லை.

சேர் பின்னாலேயே வந்து நின்றார். ஒரு கிண்ணத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"உந்த மீசையை ஆர் கீறினது, பிள்ளை?"

"என்ட தங்கச்சி, சேர்."

"ஓம். அப்ப மூடியில எழுதினது ஆர்?"

"நான்."

அவர் கிண்ணத்தை என் கையில் திருப்பித் தந்துவிட்டுப் போனார். ஏசியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். குட்டை முள்தான் நல்லது. முதலிலிருந்தே எல்லோரும் நினைத்ததுதான். எல்லோரும் நினைத்தது நடந்தால் யாரும் எழுந்து பார்ப்பதில்லை. அதைக்கூட எழுதமுடியாது, வெளி ஆள் கை பட்ட சோதனை சோதனையே இல்லை என்று சேர் சொல்லிவிட்டார், சரிதான். ஓகஸ்டில் கலம் வந்ததும் முதலிலிருந்து செய்யவேண்டும். அதுவரை நான் தனியாகக் கிண்ணம் தொடக்கூடாது. முதல் வருசப் பிள்ளை ஒன்று பக்கத்தில் நின்று பார்க்கும். யப்பானுக்கு நானே எழுதினேன், முடிவு பிழை என்று. அவர்கள் நன்றி சொல்லி ஒரு வரி எழுதினார்கள். இடத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

நீ ஃபோனில் அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. நான் சிரித்ததும் இருக்கிறது. நீ அழுதால் அது எந்த அழுகை என்று எனக்குத் தெரியவில்லை, அம்னா. பதினாறு வருசமாக உன்னைத் தூக்கி வளர்த்தவளுக்குத் தெரியவில்லை. அது மூடியைவிடப் பெரிய விசயம்.

கச்சான் சாப்பிடவில்லை. மூலையில் இருக்கிறான். இருபத்தொன்பதாம் திகதி திரும்ப வெட்டி அந்தக் கம்பியை எடுத்துவிட்டுக் குட்டை முள் கம்பியை வைக்கப்போகிறார்கள். இரண்டாவது மயக்க மருந்தை அவன் தாங்குவானா என்று வைத்தியருக்கே தெரியாது.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நான் வீட்டுக்கு வரமாட்டேன். உம்மாவிடம் வேலை என்று சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே.

ஷிபானா


விடுதி, நாவலப்பிட்டி
2025 ஜூன் 1, ஞாயிறு

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுதாதே என்றீங்க. ஒரு கிழமை எழுதவில்லை. இதுக்கு மேல் முடியவில்லை.

மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். "பருப்பு உண்மையிலேயே தண்ணிதான்" என்றா. இப்போது என் கடிதத்தை வாசிப்பதில்லை. இதையும் ஒட்டித்தான் கொடுத்தேன், அப்படியே வாங்கிக்கொண்டா. வாசித்திருந்தால் நல்லது என்று இருக்கிறது.

இருபத்தொன்பதாம் திகதி போய்விட்டது. கச்சான் எழும்பினானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை கணக்குப் பாடம் நடந்தது, நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதேகால். பிறகு பத்து. அதுக்குப் பிறகு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. அன்றைக்கு ஒரு பிள்ளை என் கதிரையில் சோக்குத் தூள் கொட்டி வைத்திருந்தாள். எல்லோரும் நான் பதிலுக்கு என்ன செய்வேன் என்று பார்த்தார்கள். நான் தட்டிவிட்டு இருந்தேன்.

அந்தக் கலத்தைப் பற்றி அடிக்கடி நினைக்கிறேன். பன்னிரண்டு கிண்ணத்திலும் அது சரியாகத்தான் நடந்தது. முள்ளைத் தடவிப் பார்த்து, படுக்கவேண்டிய இடத்தில் படுத்தது, பயப்படவேண்டிய இடத்தில் பயந்தது. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அதுக்குத் தெரியாது. எழுதினதை நம்பினது நாங்கள்தான்.

யப்பானைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. வருகிறதெல்லாம் பகிடியாகத்தான் வருகிறது, அதனால் விட்டுவிடுகிறேன்.

வாப்பா ஐந்தாம் திகதி வியாழக்கிழமை வந்து பெருநாளுக்கு என்னைக் கூட்டிப்போவார். வழியில் பேராதனையில் ஒரு மணித்தியாலம் நிற்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாப்பாவிடம் நடந்த எல்லாத்தையும் சொல்லிவிட்டேன், ஒஃபீஸ் ஃபோனில். அவர் உடனே வைத்துவிட்டார், பிறகு திரும்ப எடுத்து "நிற்கிறன்" என்றார்.

உள்ளே வர விடவேண்டாம். கூடு கழுவுகிற வேலை இருந்தால் வெளியே கொண்டு வந்து தாங்க, கழுவித் தருகிறேன். கச்சான் இல்லை என்றால் மற்ற மூன்றின் கூட்டையும் கழுவுகிறேன். கேற்றுக்கு வெளியே நிற்பேன். கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் வாப்பாவோடு போய்விடுவேன், அழமாட்டேன். அழுதால் அது எந்த அழுகை என்று நீங்க யோசிக்கவேண்டி வரும்.

உறையின் மேல் என் பெயர் எழுதவில்லை. இங்கே, அடியில் எழுதியிருக்கிறேன்.

அம்னா


பேராதனை
2025 ஜூன் 3, செவ்வாய்

அம்னாவுக்கு,

மயக்கத்திலிருந்து எழும்பினான். இன்னும் காலை ஊன்றவில்லை. நேற்று என் கையிலிருந்து ஒரு கரட் இலை தின்றான், பாதி.

தபால் பிந்தும், இதை உன் பக்கம் வரும் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். வியாழன் பத்து மணி. காவல்காரரிடம் உன் பெயர் கொடுத்திருக்கிறேன். பழைய சட்டை போட்டு வா, கூடு நாறும்.

மார்க்கர் பேனை கொண்டு வராதே.

ராத்தா